மொய்ப் பணத்தில் குடும்பம் நடக்காது

நூலகத்தில் புதுப் புத்தகம் இல்லையா, ஒரு கொடையாளரைப் பிடியுங்கள். கூத்துக் குழுவுக்கு உடுப்பு தைக்கக் காசில்லையா, நல்ல திட்ட அறிக்கை ஒன்று எழுதிக் கம்பெனிக்காரர்களிடம் கொடுங்கள். புத்தகக் காட்சி மேடையிலும் வாசகர் வட்டக் கூட்டத்திலும் கலைவிழாக் கருத்தரங்கிலும் இப்போது ஓயாமல் கேட்கும் அறிவுரை இது. சொல்பவர்கள் நூலகத்துக்கோ கலைக்கோ பகைவர்கள் இல்லை. பெரும்பாலும் சொந்தக் காசில் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர்கள், விழா நடத்த வீடுவீடாக ஏறி இறங்கியவர்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவு தவறு. அதன் விளைவுகளோ மோசம்.

முதலில் அவர்கள் தரப்பை அதற்குரிய வலுவோடு வைத்துவிடுவோம். அரசுப் பணம் காலத்தில் வராது, வந்தாலும் போதாது. ஆட்சி மாறினால் திட்டம் மாறும். மறுபக்கம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் கம்பெனிகள் லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. கல்கத்தாவில் 1972 முதல் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை இருக்கிறது. கலைஞர்களுக்கு மானியம் தரும் அமைப்புகள் பெங்களூரிலும் டெல்லியிலும் இருக்கின்றன. போட்டியிட்டுப் பணம் வாங்குகிறவர்கள் கணக்கை ஒழுங்காக வைப்பார்கள், வேலையைச் சொன்ன நாளில் முடிப்பார்கள். புரவலர் மரபு நமக்குப் புதிதும் இல்லை. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அரசாங்கத்துக்கு மனுப்போட்டுக் காத்திருக்கவில்லை. ரோஜா முத்தையா செட்டியாரின் அரிய தமிழ் நூல் சேகரம் 1992இல் அவர் மறைந்தபின் சிதறாமல் நின்றது சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்க வழிசெய்ததால்தான். எனவே அரசை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதை விட்டு, நிதி தேடும் சாமர்த்தியத்தை வளர்த்துக்கொள்வதே விவேகம்.

இதுதான் வாதம். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். பிரித்துப் போட்டால் நிற்காது.

1. பணம் இல்லை என்ற தொடக்கமே பொய்

யார் சொன்னது பணம் இல்லை என்று? சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வாதாடியதன் பலன். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. சொத்து வரியோடும் வீட்டு வரியோடும் சேர்த்து வசூலிக்கும் அந்த வரி இன்று தமிழ்நாட்டில் ரூபாய்க்குப் பத்துக் காசு. சொத்து வரி 3,000 ரூபாய் கட்டுகிறவர் நூலகத்துக்கென்று 300 ரூபாய் சேர்த்துக் கட்டுகிறார். நூலகத்தின் வாசற்படியை மிதிக்காதவரும் கட்டுகிறார். வாடகை வீட்டில் இருப்பவர் வாடகை வழியாகக் கட்டுகிறார்.

இந்தப் பணத்தை வசூலிப்பது உள்ளாட்சி. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். நடப்பது என்ன? சென்னை மாநகராட்சி உட்படப் பல உள்ளாட்சிகள் வசூலித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேறு செலவுக்குத் திருப்பிவிடுவதும், நிலுவை கோடிக்கணக்கில் ஏறுவதும் எத்தனையோ முறை செய்தியாகியிருக்கின்றன. ஆணைக்குழு கடிதம் எழுதும், உள்ளாட்சி பதில் எழுதும், ஆண்டு முடியும். கிளை நூலகத்தில் நாளிதழ் எண்ணிக்கை ஒன்று குறையும்.

இந்த நிலையில் ஊர் வாசகரிடம் போய், ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகுங்கள் என்று கேட்கிறோம். அவரும் மனமுவந்து கட்டுகிறார், பெயர்ப் பலகையில் பெயர் ஏறுகிறது. ஒரே ஆள் ஒரே நூலகத்துக்கு இரண்டு முறை கொடுக்கிறார். முதல் முறை கொடுத்தது எங்கே போனது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. இரண்டாவது முறை கொடுத்ததற்குப் பொன்னாடை. நிதி தேடுங்கள் என்ற அறிவுரை இந்தக் கேள்வியைத்தான் முதலில் மறைக்கிறது.

2. மானியம் கட்டடம் கட்டும், கதவைத் திறந்துவைக்காது

கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையை எத்தனை பேர் வாசித்திருக்கிறார்கள்? சமூகப் பொறுப்பு நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. கலை, பண்பாடு, மரபுச் சின்னங்கள் வரும் பகுதியில் பொது நூலகமும் வருகிறது. பொது நூலகங்களை அமைப்பது என்பதே அங்குள்ள விஷயம். அமைத்த நூலகத்தை ஆண்டாண்டாக நடத்துவது பற்றி அங்கே பேச்சில்லை. பல ஆண்டுத் திட்டமாக எடுத்தாலும் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுதான் கணக்கு. கம்பெனியின் நிர்வாகச் செலவுக்கு மொத்தத்தில் 5% உச்சவரம்பு. சட்டமே இப்படி என்றால் கொடுப்பவர் மனநிலை வேறெப்படி இருக்கும்? ரிப்பன் வெட்டப் பணம் உண்டு, கல்வெட்டு வைக்கப் பணம் உண்டு, கணினி வாங்கி வரிசையாக வைத்துப் படம் எடுக்கப் பணம் உண்டு. ஏழாம் ஆண்டு ஆடி மாதம் அந்தக் கட்டடத்துக்கு வந்த மின்கட்டண பில்லைக் கட்டுகிறேன் என்று முன்வந்த கம்பெனியை நான் கண்டதில்லை.

ஒரு நூலகத்தின் செலவு எங்கே இருக்கிறது என்பது உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நூலகர் சம்பளம், துப்புரவு, மின்சாரம், நாளிதழ், பருவ இதழ், கிழிந்த புத்தகத்துக்கு பைண்டிங், மழைக்கு ஒழுகும் கூரை, ஆண்டுதோறும் புதுப் புத்தகம். இவற்றில் ஒன்றுகூட ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. ரங்கநாதன் தம் நூலகவியல் விதிகளில் ஐந்தாவதில் நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிராகப் பார்த்தார். உயிருக்கு அன்றாடம் தீனி வேண்டும். மொய்ப் பணத்தில் கல்யாணத்தை நடத்திவிடலாம். அதன்பின் குடும்பம் நடத்த மாதச் சம்பளம் வேண்டும். மானியம் என்பது மொய்.

சான்று வேண்டுமா? தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்கும் போகலாம். 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். நல்ல நோக்கம், பெரிய பணம். கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, ஒரு தடவைக்கான புத்தகமும் வந்தது. பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுத்தது பெயருக்கு ஒரு மதிப்பூதியம். பிறகு? எத்தனையோ ஊர்களில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. சில இடங்களில் ஊராட்சியின் சாமான் போடும் அறையாகவே ஆகிவிட்டது. அது அரசின் திட்டம்தானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் மானியத்தின் குணத்தோடு வந்த அரசுத் திட்டம்: ஒருமுறை கொட்டு, பிறகு கைகழுவு. அவ்வளவு பெரிய அரசாங்கமே அந்த முறையில் தோற்றது என்றால், ஐந்து ஊர்களைத் தத்தெடுக்கும் கம்பெனி எப்படி ஜெயிக்கும்?

3. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கே பணம்

போட்டியில் தகுதியானவர் ஜெயிப்பார் என்கிறார்கள். எதில் தகுதி?

வடதமிழ்நாட்டில் ஒரு கூத்து ஜமாவை எடுத்துக்கொள்வோம். வாத்தியாருக்குப் பாரதம் மனப்பாடம். விடிய விடிய ஆடும் உடம்பு இருக்கிறது. முகவீணையும் மத்தளமும் வாசிக்க ஆள் இருக்கிறார்கள். புஜகீர்த்தியும் கிரீடமும் பெட்டியில் இருக்கின்றன. வெற்றிலை பாக்கு வைத்து, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்தால் வாய்வார்த்தையில் கூத்து உறுதியாகிவிடும். இந்த ஜமாவிடம் மானியம் கேட்பது என்ன? பதிவு செய்த அறக்கட்டளை அல்லது சங்கம். வருமான வரித் துறையிடம் பதிவு, கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் சான்று. கம்பெனிப் பணம் வாங்குவதென்றால் 2021 முதல் சிஎஸ்ஆர்-1 படிவம். முந்தைய ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு. பட்டயக் கணக்காளர். பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒரு திட்ட அறிக்கை: நோக்கம், எதிர்பார்க்கும் விளைவு, அதை அளக்கும் முறை. வெளிநாட்டுப் பணம் என்றால் கதையே வேறு: 2020இல் திருத்திய சட்டப்படி டெல்லியில் ஒரே ஒரு வங்கிக் கிளையில்தான் அந்தக் கணக்கைத் தொடங்கலாம், வாங்கிய பணத்தை இன்னொரு சிறு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவும் முடியாது. ஊரில் இருக்கும் பத்துச் சிறு குழுக்களுக்கு ஒரு பதிவு பெற்ற அமைப்பு குடையாக இருந்த வழியும் அத்தோடு அடைபட்டது.

இந்தப் போட்டியில் ஜெயிப்பவர் நல்ல கூத்தாடி இல்லை, நல்ல விண்ணப்பக்காரர். காலப்போக்கில் ஒரு புது வர்க்கம் உருவாகிறது. கலைஞரையும் தெரிந்து கொடையாளரையும் தெரிந்து நடுவில் நிற்பவர்கள். அவர்களில் நேர்மையானவர்கள் பலர். ஆனால் யாருக்குப் பணம், யாருக்கு மேடை, எந்தக் கலை அழியும் கலை, எது ஆடத் தகுந்தது என்ற முடிவெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. ஊர்க்கலையை ஊர் முடிவு செய்த நிலை போய்விடுகிறது.

நூலகத்திலும் இதே கதைதான். மாவட்டத் தலைநகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் கொண்ட வாசகர் வட்டம் இருக்கும் நூலகம் கடிதம் எழுதும், தொலைபேசியில் பேசும், வாங்கிவிடும். ஒற்றை அறையில் இயங்கும் ஊர்ப்புற நூலகத்தின் நூலகர்தான் கதவைத் திறக்கிறார், கூட்டுகிறார், பதிவேடு எழுதுகிறார், பூட்டுகிறார். திட்ட அறிக்கை எழுத அவருக்கு எங்கே நேரம்? யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மிகக் குறைவாகக் கிடைப்பது இந்த முறையில் தற்செயலாக நேரும் பிழை அன்று. முறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

4. லாபம் இருக்கும் ஊருக்குத்தான் போகும்

கம்பெனிப் பணத்துக்கு ஊர் உண்டு. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்று சட்டமே கம்பெனிக்குச் சொல்கிறது. சொல்லாவிட்டாலும் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள்; ஆலையைச் சுற்றியிருக்கும் ஊர்களின் நல்லெண்ணம் அவர்களுக்குத் தேவை. அதில் தவறு காண ஒன்றுமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் ஒரே பள்ளிக்கு மூன்று கம்பெனிகள் போட்டிபோட்டு நூலக மூலை அமைக்கும். கல்வராயன் மலையிலோ ராமநாதபுரத்தின் உள்கிராமத்திலோ எந்தக் கம்பெனிக்கு ஆலை இருக்கிறது?

வரியின் குணம் இதற்கு நேர் எதிர். எங்கோ வசூலாவதை எங்கோ செலவிடலாம். சொத்து வரி நகரத்தில் குவியும், வாசிக்க இடமில்லாத பிள்ளைகள் கிராமத்தில் இருப்பார்கள். இரண்டையும் சமன் செய்ய ஓர் அரசால் முடியும். செய்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு அதனிடம் உண்டு. கம்பெனியிடம் போய், உங்கள் ஆலை இல்லாத ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

5. கொடுப்பவர் கை உள்ளே வரும்

மானியத்துக்குத் தலைப்பு உண்டு. இந்த ஆண்டு சுகாதாரம், அடுத்த ஆண்டு நீர் மேலாண்மை, அதற்கடுத்த ஆண்டு பெண் தொழில்முனைவோர். கலைக்குழுவும் அதற்கேற்ப வேஷம் மாற்றும். பாரதம் ஆடிய கட்டியங்காரன் கொசு ஒழிப்புப் பற்றிப் பேசுவான். பேசட்டும், அதில் கேவலம் ஒன்றுமில்லை, கூலி கிடைக்கிறது. ஆனால் விடியும்வரை ஆட வேண்டிய கூத்து இருபது நிமிடத் துணுக்காக, கையில் துண்டறிக்கையோடு, பேருந்து நிலைய வாசலில் சுருங்கிப்போனபின், கலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று அறிக்கையில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? காப்பாற்றியது கலைஞரின் அந்த மாத அரிசியை. அதற்கு நன்றி சொல்லலாம். அதையே பண்பாட்டுப் பணி என்று கொண்டாடக் கூடாது.

நூலகத்தில் இந்தக் கை இன்னும் நுட்பமாக வேலை செய்யும். தண்ணீரை மாசாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு தொழிற்சாலை நூலகம் கட்டிக் கொடுத்தால், அந்த ஆற்றைப் பற்றிய புத்தகம் அந்த அலமாரிக்கு வருமா? யாரும் தடை போட வேண்டியதே இல்லை. புத்தகப் பட்டியல் தயாரிப்பவருக்கே கை கூசும். போட்டித் தேர்வு வழிகாட்டி, ஆளுமை வளர்ச்சி, தலைவர்களின் வாழ்க்கை வரலாறு என்று யாருக்கும் நோகாத புத்தகங்களால் அலமாரி நிரம்பும். இது போதாதென்று, பெரிய மனது பண்ணி வீட்டைக் காலி செய்கிறவர்கள் அனுப்பும் பழைய பாடநூல்களும் காலாவதியான கைடுகளும் மூட்டை மூட்டையாக வரும். கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று நூலகர் அவற்றுக்கும் எண் போட்டு அடுக்குவார். பொதுப்பணத்தில் வாங்கும் நூலகத்திலும் தேர்வுக்குழு ஊழல் உண்டு, பரிந்துரை உண்டு, ஒரே பதிப்பகத்துக்குச் சலுகை உண்டு. ஆனால் அங்கே ஏன் இந்தப் புத்தகம் வாங்கினீர்கள், ஏன் அதை வாங்கவில்லை என்று எழுத்தாளரும் பதிப்பாளரும் வாசகரும் சத்தம் போட முடிகிறது. போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்க நம் ஊரில் யாருக்கும் வாய் வராது.

6. வள்ளல்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது

கார்னகியைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். அமெரிக்க இரும்புத் தொழில் முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. அமெரிக்காவில் மட்டும் 1,600க்கு மேல். தொழிலாளிகளிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். அவர் விதித்த நிபந்தனை என்ன? இடத்தை ஊர் தர வேண்டும். அவர் கொடுக்கும் தொகையில் 10% அளவுக்குப் பணத்தை ஊர் ஆண்டுதோறும் தன் வரியிலிருந்து நூலகத்துக்கு ஒதுக்குவதாக உறுதி தர வேண்டும். தராத ஊருக்குக் கட்டடம் இல்லை. உலகத்தின் மிகப் பெரிய நூலகக் கொடையாளருக்கே தெரிந்திருந்தது, கொடையால் நூலகம் நடக்காது என்று. அவர் பெயரைச் சொல்லி வரிக்குப் பதில் கொடை என்று வாதாடுபவர்கள் அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சிதான் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் விதை. ஊரார் கைகொடுத்தார்கள், வளர்ந்தது. வளர்ந்ததும் என்ன செய்தார்கள்? 1935இல் நகரசபையிடம் ஒப்படைத்தார்கள். தனிமனிதர்களின் ஆர்வம் தலைமுறை தாண்டி நிற்க வேண்டுமானால் அதைப் பொதுச் சபையின் பொறுப்பாக்க வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டபோது ஒரு மக்கள் கூட்டமே தன் சொத்து எரிந்ததாக உணர்ந்ததற்கு இதுவும் காரணம். அது யாரோ ஒருவர் தந்த கொடை இல்லை, நகரத்தின் உடைமை.

கலைக்கு வருவோம். ஊர்க்கலையை வாழவைத்தது வள்ளல்கள் என்பது அரைகுறை வரலாறு. அரண்மனைக் கலைக்கு அரசர் இருந்தார், சபா கச்சேரிக்குச் செல்வந்தர் இருந்தார். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பத்து இரவு பாரதக் கூத்து நடக்கப் பணம் கொடுத்தது யார்? ஊர். தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு வசூலித்தார்கள். இன்றும் பல ஊர்களில் வசூலிக்கிறார்கள். பணக்காரர் கூடுதலாக ஓர் இரவை உபயம் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அடிப்படைப் பணம் வரி. அந்த வரியில் யாருக்கு இடம், யாருக்கு இடமில்லை என்ற சாதிக் கணக்கும் இருந்தது, இருக்கிறது. அதை மறைக்க நான் வரவில்லை. அந்தக் குறையைக் களைந்து எல்லாரையும் சேர்ப்பதே சனநாயக அரசின் வேலை. வரியையே விட்டுவிட்டு வள்ளலைத் தேடச் சொல்வது அதற்கு மருந்தாகாது.

7. அரசை நம்ப முடியாது. சரி, கொடையாளரை நம்பலாமா?

அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மறந்துவிட்டாயா என்று கேட்பார்கள். மறக்கவில்லை. 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறந்தார்கள். ஆட்சி மாறியதும் 2011இல் அதைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். அரசின் கையில் நூலகம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம் என்பது எதிர்த்தரப்பு. கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு நூலகத்தைப் பராமரிக்காமல் விட்டபோதும் நீதிமன்றம்தான் தட்டிக்கேட்டது. நூலகம் இன்றும் அங்கேயே இருக்கிறது. அது பொதுச் சொத்தாக இருந்ததால்தான் அதைக் காக்க ஒரு சாதாரண வாசகரால் நீதிமன்றப் படி ஏற முடிந்தது. ஒரு கம்பெனி தன் மூன்றாண்டுத் திட்டம் முடிந்து அடுத்த ஆண்டுக்குப் பணம் இல்லை என்று கையை விரித்தால் எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவீர்கள்?

கேரளத்தைக் காட்டி இன்னொரு வாதம் வரும். அங்கே நூலகங்களை மக்கள்தானே நடத்துகிறார்கள், அரசு இல்லையே? உண்மைதான். 1945இல் பி.என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய கிரந்தசாலா சங்கத்தின் வழியில் வந்தவை அவை. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுதான் நடத்துகிறது. ஆனால் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கேயும் நூலக வரி உண்டு. மாநில நூலகக் கவுன்சில் நூலகங்களைத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ப ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது. நடத்துவது மக்கள், ஆண்டுதோறும் கைகொடுப்பது பொதுநிதி. விதிப்படி, ஆண்டுதோறும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டிய முறையில் வரும் உதவியையும், யாரோ ஒருவர் மனம் இரங்கினால் வரும் மானியத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. கேரளத்திலிருந்து படிப்பதென்றால் அந்த நிர்வாக முறையைப் படிப்போம். கொடையாளரைத் தேடும் பாடம் அங்கே இல்லை.

8. நாம் நிதி தேடத் தேட அரசுக்கு விடுதலை

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. நூலகம் வெளியில் பணம் திரட்டத் தொடங்கியதும், அதுதான் சமாளித்துக்கொள்கிறதே என்று ஒதுக்கீட்டில் கைவைப்பார்கள். பிரிட்டனில் பார்த்தோம். நூலகச் சேவை உள்ளாட்சியின் சட்டக் கடமை என்று 1964 முதல் எழுதிவைத்திருக்கும் நாடு அது. 2010க்குப் பின் சிக்கன நடவடிக்கை வந்தது. உள்ளாட்சிகள் நூலகங்களைத் தன்னார்வலர்களிடம் தள்ளின, நீங்களே நிதி திரட்டி நடத்துங்கள் என்றன. அடுத்த பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 800 நூலகங்கள் மூடப்பட்டன. நேரமும் பணமும் உள்ளவர்கள் வாழும் பகுதியில் தன்னார்வலர்கள் தாங்கிப் பிடித்தார்கள். இரண்டு வேலை பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும் என்ற பகுதியில் யார் தாங்கிப் பிடிப்பது?

பணக்கார நாட்டில், கடுமையான சட்டம் இருந்தும் அந்தக் கதி. பகுதிநேர நூலகரைச் சொற்பக் கூலியில் ஆண்டுக்கணக்காக வேலை வாங்கிப் பழகிய நம் ஊரில், நாமே முன்வந்து அரசுக்கு அந்த வழியைக் காட்டிக் கொடுக்க வேண்டுமா?

மானியத்துக்கு இடமே இல்லையா?

இருக்கிறது. ஓலைச்சுவடியையும் பழைய இதழ்களையும் மின்னுருவாக்கலாம். ஒரு கூத்து வாத்தியாரின் முழுப் பாடத்தையும் ஒலிப்பதிவு செய்யலாம். யாரும் செய்து பார்க்காத நாடக முயற்சிக்கு முதல் தைரியம் கொடுக்கலாம். ஒருமுறை செய்து முடிக்கும் வேலைக்கு மானியம் நல்லது. ரோஜா முத்தையா நூலகம் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் அதை வெற்றிக் கதையாகச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தமிழ் அச்சுப் பண்பாட்டின் இவ்வளவு பெரிய சேகரத்தை வாங்க 1992இல் நம் பொது நூலகத் துறையோ பல்கலைக்கழகங்களோ முந்தவில்லை. மானியத்தின் அந்த வெற்றி பொதுநிதியின் தோல்வியிலிருந்து பிறந்தது. தோல்வியையே வழிமுறையாக ஏற்பது புத்திசாலித்தனம் ஆகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? இப்போது சொத்து வரியை இணையத்தில் கட்டுகிறோம். கட்டும் அந்த நொடியிலேயே நூலக வரியை மட்டும் பிரித்து நூலக ஆணைக்குழுவின் கணக்கில் சேர்க்க மென்பொருளில் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. உள்ளாட்சியின் கைக்குப் போகாத பணம் உள்ளாட்சியில் நிலுவையும் ஆகாது. ஒவ்வோர் உள்ளாட்சியும் எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு பாக்கி என்பதை ஆண்டுதோறும் அந்தந்த நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். புரவலர் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டட்டும். வந்த பணத்தில் முதல் பங்கு சம்பளத்துக்கும் திறந்திருக்கும் நேரத்துக்கும் போக வேண்டும், கட்டடம் பிறகு.

கலைக்கு இப்படியொரு வரி இல்லையே என்றால், வழி இருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின்னும் தமிழ்நாட்டில் சினிமா மீதான கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்காகத் தொடர்கிறது. அதில் ஒரு பங்கை அந்தந்த ஊரின் கலைக்கு என்று சட்டத்தில் எழுதலாம். அதைப் பகிரத் திட்ட அறிக்கை கேட்க வேண்டாம். ஆடிய இரவுகளைக் கணக்கெடுத்துக் கொடுக்கலாம். ஜமா ஆடியதா இல்லையா என்று ஊருக்குத் தெரியும்.

வாசகர் வட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு எத்தனை புரவலர்களைச் சேர்ப்பது என்ற இலக்கைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில்? வரும் பதிலை, ஊராட்சி என்றால் கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள். அந்தச் சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பாக்கியைச் செலுத்து என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். இதற்கு ஆங்கிலம் தேவையில்லை, தணிக்கையாளர் தேவையில்லை, யாருக்கும் சால்வை போர்த்த வேண்டியதில்லை. நம் வரிப் பணத்தைக் கேட்கிறோம். கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?